வேவர் வேலைக்கு வர்ற தங்கச்சிக்கு

போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல எனக்கு எட்டு வருஷம் ஜூனியர், இப்ப டெட்ராய்ட்ல ரெசிடென்சி முடிக்கிற நேரம். "அக்கா, வேவர் வேலை கெடச்சிருச்சு, கலிஃபோர்னியா டுலேரி கவுண்டி பக்கம் ஒரு கிளினிக், வர்ற பேஷண்ட்ல முக்காவாசிப் பேரு பண்ணையில வேலை செய்றவங்களாம், நான் என்ன படிச்சுட்டு வரணும்?"னு கேட்டிருந்தா. பதில் அடிக்க ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு. இவள மாதிரி வருஷா வருஷம் ரெண்டு மூணு பேரு கேக்குறாங்க, அதனால இங்கயே எழுதி வச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்னு தோணுச்சு.

விஷயம் தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு நிமிஷம். ஜே-1 விசாவுல அமெரிக்காவுல ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில மேல்பயிற்சி, பண்ற டாக்டருங்க முடிச்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போயாகணும். அது வேணாம்னா டாக்டர் பத்தாத ஊர்ல மூணு வருஷம் வேலை பாக்கணும். இந்த விலக்கத்தான் வேவர்னு சொல்றது. கான்ராட் 30னு திட்டத்துக்குப் பேரு, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் வருஷத்துக்கு 30 இடம். அப்படித்தான் நம்மூர்ப் பிள்ளைங்க நெறைய பேரு பெரிய சிட்டியில படிச்சுட்டு திடீர்னு திராட்சைத் தோட்டத்துக்கும் ஆரஞ்சுத் தோப்புக்கும் நடுவுல இருக்கற சின்ன கிளினிக்ல வந்து நிக்கிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். மூணு வருஷம் முடிஞ்சும் போகல.

இப்ப உனக்கு, மா.

மொதல்ல ஒண்ணு சொல்றேன், நீ வியாதிய நெனச்சு பயப்படாத. சக்கரை, பிரஷர், முதுகுவலி, காசம், தோல் அரிப்பு, எல்லாமே நீ பாத்ததுதான். நீ பாக்காதது அந்த ஆளோட நாள் எப்படிப் போகுதுங்கறது. காலைல எத்தன மணிக்கு வண்டி வந்து ஏத்திட்டுப் போகுது, எங்க சாப்பிடுறாங்க, தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்கு, அடுத்த மாசம் எந்த ஸ்டேட்ல இருப்பாங்க. இதக் கேக்க எனக்கு யாரும் சொல்லித் தரல, அஞ்சரை வருஷம் தஞ்சாவூர்லயும் மூணு வருஷம் இங்க ரெசிடென்சியிலயும் படிச்சும் தெரியல, அதனால மொத வருஷம் நான் பண்ண தப்புங்க ரெண்டு இன்னும் மனச அறுக்குது.

மொத தப்பு ஜூலை மாசம். காலைல பத்தரை மணி இருக்கும், முப்பது வயசு ஆளு ஒருத்தர், தலைவலி, குமட்டல், ரெண்டு தடவ வாந்தி. வெளிய 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டப் போற நாள். வெயில்தான், இல்லன்னா சாப்பாடு ஒத்துக்கலன்னு வாந்தி நிக்க மாத்திரை எழுதி, தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அர மணி நேரம் கழிச்சு ஒரு அம்மா, அதே கம்ப்ளெயின்ட். அவங்களுக்கும் அதே மாத்திரை எழுதிட்டு இருக்கேன், எங்க ப்ரொமோத்தோரா கதவத் தட்டுனாங்க. ப்ரொமோத்தோரான்னா ஊருக்குள்ள போயி வீடு வீடா, தோட்டம் தோட்டமாப் பேசுற சுகாதாரப் பணியாளர், நம்மூர் வில்லேஜ் ஹெல்த் நர்ஸ் அக்காவ நெனச்சுக்கோ, ஆனா இவங்களே இருபது வருஷம் திராட்சை பறிச்சவங்க. "தோக்தோரா, இவங்க ரெண்டு பேரும் ஒரே குழு. மூணாவது ஆளு வெளிய கார்ல ஒக்காந்திருக்காரு, கண்ணுல தண்ணியா ஊத்துது"ன்னாங்க.

ஓடிப் போயி பாத்தேன். சட்ட முழுக்க நனஞ்சிருக்கு, வாயில எச்சி ஒழுகுது, டார்ச் அடிச்சா கண்மணி ரெண்டும் குண்டூசி முனை அளவுக்கு இருக்கு.

தஞ்சாவூர்ல ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ எத்தன ராத்திரி இந்தக் கண்ணுக்கு டார்ச் அடிச்சிருப்போம், சொல்லு. பூச்சி மருந்து குடிச்சுட்டு வந்தவங்கன்னு தெரிஞ்சே வருவாங்க, வாடையே சொல்லிடும், அதுக்கு மாத்து மருந்தான அட்ரோபின் சார்ட்ட மணிக்கு மணி எழுதி எழுதி நம்மளுக்குத் தூக்கத்துலயே கை ஓடும். அமெரிக்காவுல படிச்ச டாக்டர விட நமக்குத்தான் ஆர்கனோபாஸ்பேட்ங்கற இந்தப் பூச்சி மருந்து வகை அத்துப்படி. அப்படியிருந்தும் எனக்குத் தோணல, ஏன்னா இங்க யாரும் குடிக்கல. பக்கத்துத் தோப்புல அடிச்ச மருந்து காத்துல வந்து தோல்லயும் துணியிலயும் பட்டிருக்கு, கொஞ்சமா, அதனால வெறும் தலைவலியா குமட்டலா வந்து நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்ச வியாதிதான், வேற வாசல் வழியா வந்ததால அடையாளம் தெரியல.

அப்புறம் நடந்ததெல்லாம் அந்த ப்ரொமோத்தோரா சொல்லித் தந்ததுதான். மொதல்ல துணியக் கழட்டி ரெட்டைப் பையில கட்டி, சோப்புப் போட்டுக் குளிக்க வச்சோம், நர்ஸ் எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டாங்க, பாய்சன் கண்ட்ரோலுக்குக் கூப்பிட்டு, மூணு பேருக்கும் கோலினெஸ்டரேஸ் டெஸ்ட்டுக்கு (இந்த மருந்து பட்டா ரத்தத்துல கொறையற ஒரு என்சைம்) ரத்தம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம். நான் வீட்டுக்கு அனுப்பிட்ட ஆளத் தேடிப் போயி கூட்டிட்டு வந்ததும் ப்ரொமோத்தோராதான். மூணு பேரும் நல்லா ஆனாங்க. அந்த டெஸ்ட்ல ஒரு சூட்சுமம் இருக்கு, இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்: ஆளுக்கு ஆள் நார்மல் ரொம்ப வித்தியாசப்படும், அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் அந்த ஆளுக்கு அது பாதியாக் குறைஞ்சதா இருக்கலாம். சில வாரம் கழிச்சு திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உண்ம தெரியும்.

கலிஃபோர்னியாவுல பூச்சி மருந்தால வந்த நோய்னு சந்தேகப்பட்டாலே போதும், டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஹெல்த் ஆபீசருக்குச் சொல்லியாகணும், அது சட்டம், உறுதியாத் தெரியணும்னு அவசியமில்ல. அப்புறம் இன்னொரு விஷயம், இது தெரிஞ்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 1990லருந்து இந்த ஸ்டேட்ல விவசாயத்துக்கு அடிக்கிற ஒவ்வொரு மருந்தும் எந்த நெலத்துல, என்னிக்கு, எவ்வளவுன்னு அரசாங்கத்துக்குக் கணக்குக் குடுத்தாகணும். கவுண்டிக்கு கவுண்டி விவசாயக் கமிஷனர் ஆபீஸ் இருக்கு. ஒரு ஃபோன் போட்டு இந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துல இன்னிக்கு என்ன அடிச்சாங்கன்னு நீ கேக்கலாம். கேக்கலாம்னு தெரிஞ்சாத்தானே கேப்போம். குளோர்பைரிபாஸ்ங்கற ஆர்கனோபாஸ்பேட் மருந்த இந்த ஸ்டேட்ல 2020 கடைசியோட நிறுத்திட்டாங்க, ஆனா அதே வகையில வேற மருந்துங்க இருக்கு, அதனால அது போயிருச்சுன்னு நெனச்சு அசந்துடாத. அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஏஜென்சி, இ.பி.ஏ.ன்னு சொல்றது, பூச்சி மருந்து விஷத்துக்குன்னே டாக்டருங்களுக்கு ஒரு கையேடு போட்டிருக்கு, ஆறாவது பதிப்பு 2013ல வந்தது, ஓசியிலயே கெடைக்கும். அத ஃபோன்ல எறக்கி வச்சுக்கோ, பிளைட்ல வர்றப்பவே படி.

இந்தக் கதைய எழுதுறப்போ இன்னொன்னும் சொல்லணும். அந்த மூணு பேர்ல ஒருத்தரும் தானா வாயத் தொறந்து மருந்து அடிச்சாங்கன்னு சொல்லல. வேல போயிடும்னு பயம். அதனால அவங்களா சொல்லுவாங்கன்னு காத்திருக்காத, நீதான் கேக்கணும். டெக்சாஸ்ல ஆஸ்டின்ல மைக்ரண்ட் கிளினீஷியன்ஸ் நெட்வொர்க்னு ஒரு அமைப்பு இருக்கு, 1984லருந்து இந்த மாதிரி டாக்டர், நர்சுங்களுக்குன்னே இயங்குது. அவங்க பயிற்சியில எனக்குக் கெடச்ச பெரிய விஷயமே, எந்த பேஷண்ட் வந்தாலும் வேலையப் பத்தி ரெண்டு மூணு கேள்வி கேட்டே தீரணும்ங்கற பழக்கந்தான். என்ன வேல செய்றீங்க, செய்றதக் கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க. அந்த வேலையில ஒடம்புக்கு ஆகாததுன்னு நீங்க நெனைக்கறது ஏதாவது இருக்கா. மருந்து, தூசி, பொக, வெயில், சத்தம் இதுல எதுலயாவது நிக்கிறீங்களா. அவ்வளவுதான், ரெண்டு நிமிஷம் ஆகாது. "விவசாயம்"னு மட்டும் ஃபார்ம்ல எழுதிட்டு விட்டுடாத, திராட்சைன்னா பறிக்கிறாரா, கிளை வெட்டுறாரா, மருந்து கலக்குறாரா, மூணும் வேற வேற ஒடம்பு.

நீ எழுதற நோட்டுக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு தெரியணும்னா ஒரு பழைய சங்கதி சொல்றேன். முன்னாடி இங்க கீரை வயல்ல களை எடுக்க, செடி கலைச்சு விட, ஒரு குட்டைக் கைப்பிடி களைக்கொத்தி குடுப்பாங்க, எல் கோர்த்தீத்தோன்னு பேரு. நாள் பூரா இடுப்ப ஒடிச்சுக் குனிஞ்சே இருந்தாத்தான் வேல நடக்கும், நிமுந்தவன் வேல செய்யலன்னு மேஸ்திரிக்குத் தூரத்துலருந்தே தெரியும். டாக்டருங்க போயி இது முதுகுத்தண்ட நெரந்தரமாக் கெடுக்குதுன்னு சாட்சி சொன்னாங்க, சட்ட உதவி வக்கீலுங்க விடாம நடத்துனாங்க, 1975ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட அந்தக் களைக்கொத்தி ஒழிஞ்சது. எனக்கு முதுகுவலின்னு யாரு வந்தாலும் இது ஞாபகம் வரும், அதனால வெறும் முதுகுவலின்னு எழுத மாட்டேன், என்ன செஞ்சதால, எத்தன மணி நேரம்னு சேத்து எழுதுவேன். வேலையால வந்த காயம்னா அஞ்சு நாளுக்குள்ள மொத ரிப்போர்ட் அனுப்பணும், குடியேற்றப் பேப்பர் இல்லாதவங்களுக்கும் இந்த ஸ்டேட்ல தொழிலாளர் நஷ்ட ஈடு உண்டு. அவங்களுக்கே தெரியாது, நீ சொல்லணும்.

ரெண்டாவது தப்பு, இது யாரும் கண்டுபிடிக்காத தப்பு, அதனாலதான் எனக்கு ரொம்ப வலிக்குது. நாப்பது வயசுக்காரர், ஒடம்புல காசக் கிருமி இருக்கு, நோயா மாறல. நாலு மாசம் ரிஃபாம்பின் எழுதி, ஒரு மாசத்துக்கு மருந்து குடுத்து, அடுத்த மாசம் இந்தத் தேதிக்கு வாங்கன்னு அட்டையில எழுதிக் குடுத்தேன். தலைய ஆட்டிட்டு வாங்கிட்டுப் போனாரு. வரல. ஃபோன் ரெண்டு தடவ, கெடைக்கல. "சொன்னபடி கேக்கல, தொடர்பு விட்டுப் போச்சு"ன்னு நோட்ல எழுதி மூடிட்டேன். அக்டோபர்ல வேற எதுக்கோ வந்தாரு. எங்க போயிட்டீங்கன்னு கேட்டேன், வாஷிங்டன் ஸ்டேட், யாக்கிமா பக்கம், மொதல்ல செர்ரி, அப்புறம் ஆப்பிள்னாரு. மே மாசக் கடைசியில நான் அட்டை குடுக்கறப்பவே ரெண்டு வாரத்துல கெளம்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். நான் கேக்கல, அவரு சொல்லல. மாத்திரை ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டேன். ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சாம், ரத்தம்னு பயந்து தூக்கிப் போட்டுட்டாரு. ரிஃபாம்பின் சாப்ட்டா அப்படித்தான் போகும்னு செகண்ட் இயர் பையனுக்குக் கூடத் தெரியும், நான் அவசரத்துல சொல்லாம விட்டிருக்கேன்.

சொன்னபடி கேக்காத பேஷண்ட்னு அவர் மேல எழுதுனது என் எழுத்து. அந்த நோட்டுக்கு அப்புறம் ஒரு திருத்தம் போட்டேன், ஆனா மனசுல இருக்கறத அழிக்க முடியல.

இதுக்குத்தான் ஹெல்த் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு, அதே ஆஸ்டின் அமைப்பு நடத்துறது, 1990கள்ல காசத்துக்குன்னு ஆரம்பிச்சு இப்ப சக்கரை, கேன்சர், கர்ப்பம், எல்லாத்துக்கும். பேஷண்ட் ஊர விட்டுப் போகப் போறாருன்னு தெரிஞ்சா, சம்மதக் கையெழுத்து வாங்கி, ரெக்கார்டோட நீ பதிஞ்சு விடணும். அங்கருந்து ஒரு ஆளு அவருக்கு அவரோட பாஷையில ஃபோன் பண்ணி, போற ஊர்ல கிளினிக் தேடிக் குடுத்து, ரெக்கார்ட அங்க அனுப்பி, போனாரா இல்லையான்னு விசாரிச்சு, மருந்து முடிஞ்சதான்னு உனக்கும் திருப்பிச் சொல்லுவாங்க. மெக்சிகோவுக்கே திரும்பிப் போனாலும் விட மாட்டாங்க. பேஷண்டுக்குக் காசு கெடையாது. ஃபாரம் நிரப்ப நேரம் ஆகும், உண்மதான், ஆனா ஃப்ரெண்ட் டெஸ்க்ல ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்துட்டா அவங்க பாத்துக்குவாங்க. எங்க கிளினிக்ல இப்ப ஒவ்வொரு விசிட்லயும் வைட்டல்ஸ் எடுக்கறப்பவே "அடுத்த மூணு மாசத்துல எங்கயாவது போறீங்களா?"ன்னு கேக்கறோம். ஃபோன் நம்பர் மட்டும் வாங்காத, அவரு மாறினாலும் மாறாத ஒரு நம்பர் வாங்கு, பெரும்பாலும் ஊர்ல இருக்கற அம்மா நம்பரா இருக்கும்.

வழி தெரிஞ்சா ஓரளவு கணிக்கலாம். சலீனாஸ்ல கோடையில லெட்டூஸ் அறுக்கறவங்க குளிர் வந்தா அரிசோனா யூமாவுக்குப் போவாங்க, நம்ம பக்கத்துலருந்து வடக்கே செர்ரிக்கும் ஆப்பிளுக்கும். ஃப்ளாரிடாவுலருந்து கிழக்குக் கரையோரம் மேல போறவங்க தனி, தெக்கு டெக்சாஸ்லருந்து நடு ஸ்டேட்டுகளுக்குப் போறவங்க தனி. எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்கறவங்களும் இல்ல, இங்கயே குடும்பத்தோட வருஷம் பூரா இருக்கறவங்கதான் நெறைய. இவங்களுக்கு வைத்தியம் பாக்கணும்னு தனிச் சட்டமே 1962ல கென்னடி கையெழுத்துப் போட்டு வந்தது, அதோட வழியிலதான் நம்ம கிளினிக் மாதிரி இடங்களுக்குப் பணம் வருது, வருமானத்துக்குத் தகுந்த ஃபீஸ், கையில இல்லன்னு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. டெக்சாஸ்ல ப்யூடாங்கற ஊர்ல நேஷனல் சென்டர் ஃபார் ஃபார்ம்வொர்க்கர் ஹெல்த் இருக்கு, பேஷண்ட்டுக்குக் குடுக்கற ஸ்பானிஷ் துண்டுச் சீட்டெல்லாம் அவங்ககிட்ட நல்லா இருக்கும்.

வெயிலப் பத்தி நீ டெட்ராய்ட்ல யோசிச்சிருக்க மாட்ட. கலிஃபோர்னியாவுல வெளி வேலைக்கு வெயில் சட்டம் 2005லயே வந்துருச்சு: ஆளுக்கு மணிக்கு ஒரு குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர், தண்ணி வைக்கணும், 80 டிகிரி தாண்டுனா நெழல் வேணும், 95 ஆனா இன்னும் கண்டிப்பு, புதுசா வந்தவங்கள 14 நாள் கண்ணு வச்சுப் பாத்துக்கணும். சட்டம் இருந்தும் 2008ல ஸ்டாக்டன் பக்கம் திராட்சைத் தோட்டத்துல 17 வயசுப் பொண்ணு, கர்ப்பமா இருந்தவ, வெயில்ல விழுந்து செத்துப் போனா. அதனால சட்டம் இருக்குன்னு நீ சும்மா இருக்க முடியாது. தண்ணி குடிங்கன்னு சொல்றதும் போதாது. பெண்கள் நெறைய பேரு வேணும்னே குடிக்க மாட்டாங்க, டாய்லெட் தூரம், போனா நேரம் போகும், பறிச்ச பெட்டி கணக்குல கூலி குறையும், பாதுகாப்பும் இல்ல. திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்ஷன்னு ஒருத்தங்க வந்தா ஆன்டிபயாட்டிக் எழுதறதுக்கு முன்னாடி டாய்லெட் எங்க இருக்குன்னு கேளு. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரையும், வலிக்கு ஐபுப்ரோஃபனும், 105 டிகிரியில எட்டு மணி நேரமும் சேந்தா கிட்னி என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு, அதனால மே மாசம் வந்தா நான் மாத்திரை லிஸ்ட்ட ஒரு தடவ பிரிச்சுப் பாப்பேன். மத்திய அமெரிக்க நாடுகள்ல கரும்பு வெட்டுறவங்களுக்கு வர்ற கிட்னி நோய், இலங்கையில வட மத்திய மாகாணத்துல வர்றது, இதெல்லாம் நீயும் படிச்சிருப்ப, நான் இங்க இருக்கற நாப்பது வயசு ஆளோட கிரியேட்டினின் (கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறுறது) ஏறுனா அதையும் மனசுல வச்சுத்தான் பாக்கறேன்.

இன்சுலின் எழுதுனா எங்க வைப்பீங்கன்னு கேளு. ஒருத்தர் சக்கர எறங்கவே மாட்டேங்குதுன்னு டோஸ் ஏத்திக்கிட்டே போனேன், கடைசியில பாத்தா சாப்பாட்டுப் பையோட டிரக் டாஷ்போர்டுல வச்சிருந்திருக்காரு. எங்க அம்மாச்சி வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல ஈர மணல்ல மண்பானை வச்சு அதுக்குள்ள தாத்தாவோட இன்சுலின வைப்பாங்க, அதச் சொன்னேன், அவரு சிரிச்சுட்டு எங்க ஊர்லயும் பானை உண்டுன்னாரு. நீளமான வேலை நாளுக்கு ஈரத்துணி சுத்துன தெர்மாஸ் பையில வச்சு நெழல்ல வைக்கச் சொன்னோம், சக்கர எறங்குச்சு.

பாஷை. ஸ்பானிஷ் கத்துக்கோ, ஆனா அதோட முடியல. மெக்சிகோவோட வஹாகா மாநிலத்துலருந்து வர்றவங்களுக்கு வீட்டுப் பாஷை மிஸ்தெக்கோ, த்ரிக்கி, சப்போத்தெக்கோ, ஸ்பானிஷ் அவங்களுக்கும் அடுத்தவங்க பாஷைதான். எல்லாத்துக்கும் "சீ, சீ"ன்னு தலையாட்டுவாங்க, ஆமான்னு அர்த்தம், புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. மிஸ்தெக்கோவே ஊருக்கு ஊர் மாறும், ஒரு ஊர்க்காரங்க பேசறது இன்னொரு ஊர்க்காரங்களுக்குப் புரியாது, அதனால பாஷை பேரோட எந்த ஊருன்னும் கேட்டுத்தான் மொழிபெயர்ப்பாளரக் கூப்பிடணும். மிஸ்தெக்கோலருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷ்லருந்து இங்கிலீஷ்னு ஃபோன்ல ரெண்டு பேரு, விசிட் முக்கா மணி நேரம் ஆகும், ஆகட்டும். பத்து வயசுப் பொண்ண வச்சு அம்மாவோட மாதவிலக்கப் பத்திக் கேக்காத. உசிருக்கு ஆபத்தான அவசரம்னா ஒழிய சட்டப்படியும் அது கூடாது. அந்தக் கொழந்த மொகத்த ஒரு தடவ பாத்துட்டேன், அதுக்கப்புறம் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் செய்யல.

சுஸ்தோன்னு ஒண்ணு சொல்வாங்க, பயந்ததால ஆவி ஒடம்ப விட்டு நழுவிப் போச்சுன்னு. நமக்கு இத யாரும் வெளக்க வேணாம், பயந்த கோளாறுன்னு திருநீறு போட்டு வேப்பிலை அடிச்ச ஊர்லருந்துதானே வந்திருக்கோம். கண்ணு பட்டுச்சுன்னாலும் நமக்குப் புரியும். அதக் கேட்டு மொகத்த மாத்தாம இருக்கறதே பாதி வைத்தியம். ஆனா கொழந்த வயித்துக்கோளாறுக்கு எம்பாச்சோன்னு சொல்லி மஞ்சளாவோ ஆரஞ்சாவோ ஏதாவது பொடி குடுத்தாங்களான்னு மெதுவாக் கேளு, க்ரெத்தா, அசார்கோன்னு பேரு, அது கிட்டத்தட்ட முழுக்க ஈயம், விஷம். குடுத்திருந்தா உடனே ரத்தத்துல ஈயம் பாரு.

தனியா இருக்கோம்னு பயந்தா, எக்கோன்னு ஒரு முறை இருக்கு, நம்ம நாட்டுக்காரர் சஞ்சீவ் அரோரா 2003ல நியூ மெக்சிகோவுல ஹெபடைட்டிஸ்-சிங்கற ஈரல் நோய்க்கு ஆரம்பிச்சது. சின்ன ஊர் டாக்டருங்க எல்லாரும் வீடியோவுல கூடி, ஆளுக்கொரு கேஸச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கூட பேசி முடிவெடுக்கறது. இப்ப பண்ணைத் தொழிலாளர் ஆரோக்கியத்துக்கும் அந்த மாதிரி நடக்குது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு மணி நேரம், நான் அதுல போட்ட கேஸுங்கதான் எனக்கு மறக்காம நிக்குது.

ஆகஸ்ட் மொத வாரம் ஜாயின் பண்றேன்னு சொன்னியே. அப்ப பாதாம் உலுக்க ஆரம்பிச்சிருப்பாங்க, மெஷின் மரத்தப் புடிச்சு ஆட்டும், பருப்பு மண்ணுல விழும், அதக் கூட்டி அள்ளறப்போ ஊரே புழுதியில மறையும். கார் ஜன்னல ஏத்தி விட்டுட்டு வா. அந்த மண்ணுல காக்ஸிடியாய்டிஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, வேலி ஃபீவர், டெட்ராய்ட்ல நீ ஒரு கேஸ் கூட பாத்திருக்க மாட்ட. இருமல், காய்ச்சல், அசதி, ரெண்டு ரவுண்டு ஆன்டிபயாட்டிக் குடுத்தும் போகலன்னு செப்டம்பர்ல, அக்டோபர்ல ஒருத்தரு வந்து ஒக்காருவாரு. மூணாவது ரவுண்டு எழுதாத, காக்ஸி ரத்த டெஸ்ட் அனுப்பு. மொத டெஸ்ட் நெகட்டிவா வந்தாலும் சந்தேகம் இருந்தா சில வாரம் கழிச்சு திரும்ப அனுப்பு. வந்த அன்னிக்கு நைட் சாப்பாடு நம்ம வீட்டுல, எங்க ப்ரொமோத்தோரா அக்காவையும் கூப்பிட்டிருக்கேன், உனக்கு மொத கிளாஸ் அவங்கதான் எடுப்பாங்க.